மலை மேல் ஒரு கடைமடை

எங்கள் வீட்டுக்கு எதிரே நடைபாதை ஓரத்தில், இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு மஞ்சள் குழாய் நிற்கிறது. ஹைட்ரண்ட் என்பார்கள். தீயணைப்பு வண்டி வந்தால் ஹோஸ் மாட்டித் தண்ணீர் எடுக்க வைத்திருப்பது. இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, இத்தனை நாளும் எனக்கு அது கார் நிறுத்த விடாத ஒரு தொல்லை, அவ்வளவுதான். 15 அடிக்குள் நிறுத்தினால் அபராதச் சீட்டு. விருந்தாளி யாராவது வந்தால் வாசலிலேயே "அந்தக் குழாய்கிட்ட விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுவோம். அதைத் திறந்தால் தண்ணீர் வருமா, வந்தால் எங்கிருந்து வரும் என்றெல்லாம் நான் யோசித்ததே இல்லை. 2025 ஜனவரியில்தான் யோசிக்க வேண்டி வந்தது.

நாங்கள் இருப்பது லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் மேற்கு ஓரம், வெஸ்ட் ஹில்ஸ். தெரு மேட்டில் ஏறிக்கொண்டே போய் முடிகிற இடத்தில் காய்ந்த புல்லும் புதரும் ஆரம்பிக்கும். ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி வாக்கில் கடலோரத்துப் பசிபிக் பாலிசேட்ஸ் பக்கம் புகை தெரிகிறது என்றார்கள். எங்களுக்கும் பாலிசேட்ஸுக்கும் நடுவில் மலைத்தொடர் ஒன்று இருக்கிறது, நேர்கோட்டில் பார்த்தால் 12, 13 மைல்தான். அன்று அடித்த காற்றை நான் சரியாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை. பாலைவனப் பக்கமிருந்து கடலை நோக்கி வருகிற வறண்ட காற்று அது, சாண்டா ஆனா என்று பெயர். எங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டி மூன்றாம் வீட்டு வாசலில் போய் விழுந்து கிடந்தது. முந்தைய வருஷம் மே மாதத்துக்குப் பிறகு மழை என்று சொல்லும்படி ஒன்றும் பெய்யவில்லை, அதற்கு முந்தின இரண்டு குளிர்காலத்திலும் நல்ல மழை பெய்து வளர்ந்த புதரெல்லாம் சருகாக நின்றது. ராத்திரி மலைக்கு அந்தப் பக்கம் வானம் செங்கல் சூளை மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அப்பா போன் செய்தார். அங்கே வியாழக்கிழமை காலை, டிவியில் பார்த்திருக்கிறார்.

"ஏம்மா, கடலு பக்கத்துலேயே இருக்குங்குறாங்க. குழாயில தண்ணி வரலன்னு ஃபயர் சர்வீஸ்காரங்க நிக்கிறாங்களாமே?"

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். டெல்டாக்காரர்களுக்கு இந்த வேலை தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மதகுகளைத் திறப்பது, அடைப்பது, கரையில் உடைப்பு விழாமல் பார்த்துக்கொள்வது, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறைவைத்து விடுவது. எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம், கடைமடை. மேட்டூரில் திறந்து, கல்லணையில் பிரிந்து, மேலே இருப்பவர்கள் எல்லாம் பாய்ச்சியது போக மிச்சம் வந்தால்தான் எங்களுக்கு. மேட்டூர் நிரம்பி வழிகிறது என்று பேப்பரில் போட்டிருக்கும், எங்கள் வயல் வெடித்துக் கிடக்கும். அதனால் "தண்ணீர் இருக்கு" என்ற வார்த்தையை அப்பா என்றைக்கும் அப்படியே நம்பியது இல்லை. இருக்கு சரி, இங்கே வருதா என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்தக் கேள்வியோடுதான் நானும் படிக்க ஆரம்பித்தேன். நான் பொறியாளர் இல்லை, கணக்கு எழுதுகிற வேலை. ஆனால் இது கணக்குதான்.

பாலிசேட்ஸ் மலைச்சரிவில் இருக்கிற ஊர். கீழே பெரிய குழாயில் நகரத்துத் தண்ணீர் வரும். அங்கிருந்து மோட்டார் வைத்து மேலே ஏற்றி மலை மேல் இருக்கிற தொட்டிகளில் நிரப்புவார்கள், தொட்டியிலிருந்து தானாக இறங்கி வீடுகளுக்கும் தெருவில் இருக்கிற ஹைட்ரண்டுகளுக்கும் போகும். நம் ஊர் மேல்நிலைத் தொட்டிதான், கொஞ்சம் பெரிது. அப்படி மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றும் 10 லட்சம் கேலன், லிட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 38 லட்சம். தீ பிடிப்பதற்கு முன் மூன்றும் நிரம்பியிருந்தன. முதல் தொட்டி செவ்வாய் மாலை 4:45க்குக் காலி. இரண்டாவது இரவு 8:30க்கு. மூன்றாவது புதன் அதிகாலை 3 மணிக்கு. வழக்கமாகச் செலவாவதைப் போல நாலு மடங்கு தண்ணீரைப் பதினைந்து மணி நேரம் தொடர்ந்து இழுத்திருக்கிறார்கள். கீழே பெரிய குழாயில் அப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வழியிலேயே எல்லோரும் எடுத்துவிட்டதால் மேலே ஏற்றும் மோட்டாருக்குப் போதுமான அளவு வந்து சேரவில்லை. அந்தப் பகுதி ஹைட்ரண்டுகளில் ஐந்தில் ஒன்று வற்றிவிட்டது, முக்கியமாக மேட்டில் இருந்தவை.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் பாதியிலேயே நிறுத்தினார். "அப்ப அந்த மேடுதான் கடைமடை" என்றார். கடைமடை என்றால் பள்ளம் என்றே பழகிய எனக்கு அது சட்டென்று பிடிபடவில்லை. யோசித்தால் அதேதான். தலைமடை கீழே, கடைமடை மலை உச்சியில்.

ஒரு தீயணைப்பு வண்டி தன் வயிற்றில் சுமந்து வருவது சுமார் 500 கேலன். ஆள் பிடிக்கிற ஒரு ஹோஸ் நிமிஷத்துக்கு 150 கேலன் பீய்ச்சும் என்று வைத்துக்கொண்டால் மூன்றரை நிமிஷத்துக்குள் வண்டி காலி, அதற்குள் ஹைட்ரண்டில் மாட்டியாக வேண்டும். இருபது வண்டிகள் நின்று ஆளுக்கு நிமிஷத்துக்கு 500 கேலன் எடுத்தால் மணிக்கு 6 லட்சம் கேலன். மூன்று தொட்டியும் சேர்ந்து ஐந்து மணி நேரம். (இது நான் போட்ட கணக்கு. இடையில் மோட்டார் நிரப்பிக்கொண்டே இருக்கும், அதைச் சேர்க்கவில்லை.) ஊருக்குள் போடும் ஹைட்ரண்டுகள் ஒரு வீடு, மிஞ்சினால் நாலைந்து வீடுகள் எரிந்தால் அணைக்கிற அளவுக்குக் கணக்குப் பண்ணிப் போடப்பட்டவை. பாலிசேட்ஸ் தீயில் அழிந்த கட்டடங்கள் 6,800க்கும் மேல்.

எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்த விஷயம் வேறு. ஒவ்வொரு வீட்டுக்கும் முக்கால் அங்குலமோ ஒரு அங்குலமோ தண்ணீர்க் குழாய் போகிறது இல்லையா. வீடு எரிந்து விழுந்தால் அந்தக் குழாய் உடைந்து, உருகி, திறந்தபடி கிடக்கும். யாரும் அடைக்கப் போக முடியாது, நெருப்புக்குள் யார் போவது? எரிந்துபோன ஒவ்வொரு வீடும் தரையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும், எரியாத வீட்டைக் காப்பாற்ற வேண்டிய தண்ணீர் அது. 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா ஊர் எரிந்தபோதும் இதே கதை. அப்பா மொழியில் சொன்னால், கரை நெடுக ஆயிரம் உடைப்பு விழுந்த வாய்க்கால்.

சரி, சாண்டா யினெஸ் நீர்த்தேக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் கோபப்பட்டது அதற்குத்தான். பாலிசேட்ஸ் மேலேயே 11.7 கோடி கேலன் கொள்ளும் ஒரு நீர்த்தேக்கம். குடிநீர் என்பதால் மேலே மிதக்கும் மூடி போட்டிருந்தார்கள். மூடி கிழிந்தது, பழுது பார்ப்பதற்காக 2024 பிப்ரவரியில் தண்ணீரை வடித்தார்கள். பழுது நீண்டுகொண்டே போய், தீ வந்த அன்று தேக்கம் காலி. இதைப் படித்தபோது எனக்கும் ரத்தம் கொதித்தது, பொய் சொல்லவில்லை. ஒரு மூடியைத் தைக்க ஒரு வருஷமா? ஆனால் 2025 நவம்பரில் வந்த மாநில அரசின் அறிக்கை, அது நிரம்பியே இருந்திருந்தாலும் ஹைட்ரண்டுகளில் அழுத்தத்தைக் கடைசிவரை காப்பாற்றியிருக்க முடியாது என்கிறது. தேக்கத்திலிருந்து தண்ணீர் வெளியே வரும் வேகத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது, தேவை அதைத் தாண்டிவிட்டது. எனக்கு இதில் முழு சமாதானம் இல்லை. மூன்று மணி நேரம் கூடுதலாக வந்திருந்தால் அந்த மூன்று மணி நேரத்தில் யாரோ ஒருவருடைய வீடு தப்பியிருக்காதா? இருந்தாலும் அறிக்கை சொல்வது அப்பா சொல்வதுதான். ஏரி எவ்வளவு பெரிசு என்று கேட்காதே, மதகு எவ்வளவு அகலம் என்று கேள்.

இதற்கு நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. ஜனவரி கடைசியில், லாஸ் ஏஞ்சலிஸ் தீக்குத் தண்ணீர் தருகிறோம் என்று மத்திய கலிபோர்னியாவில் இரண்டு அணைகளைத் திறக்க வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது. மூன்று நாளில் சுமார் 220 கோடி கேலன். அந்த ஆறுகள் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கமே வருவதில்லை. கோடையில் அங்கே இருக்கிற விவசாயிகளுக்கு வேண்டிய தண்ணீர், குளிர்காலத்தில் வீணாகப் போனது. வேதாரண்யத்தில் குடிசை எரிகிறது, வைகை அணையைத் திற என்பது மாதிரி. அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கக்கூட இல்லை. "எந்த வாய்க்கால்ல வரும்னு கேட்டாங்களா?" என்றார்.

ஜனவரி 9, வியாழக்கிழமை. எங்கள் முறை.

மதியம் மூன்று மணி இருக்கும், எங்கள் தெரு முடிகிற மேட்டுக்குப் பின்னால் புகை எழும்பியது. கென்னத் தீ என்று பிறகு பெயர் வைத்தார்கள். கணவர் ஏணி போட்டுத் தோட்டத்து ஹோஸால் கூரையை நனைக்க ஆரம்பித்தார். நான் பின்பக்கம் போய் இன்னொரு ஹோஸின் முனையில் சுழலும் ஸ்பிரிங்க்ளரை மாட்டி வேலி ஓரம் வைத்துத் திறந்துவிட்டேன். நான்கு மணி வாக்கில் எல்லோருடைய போனும் ஒன்றாக அலறியது, வெளியேறத் தயாராக இருங்கள் என்று. (அந்த எச்சரிக்கை தவறுதலாக லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி, அதாவது மாவட்டம் முழுக்க, கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேருக்குப் போயிருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்களுக்கு மட்டும் அது சரியான செய்தி, என்ன செய்வது.) பாஸ்போர்ட், சொத்துப் பத்திரம், நகை, மகளின் இன்ஹேலர், அம்மாவின் படம். கிரைண்டரை ஒரு நொடி பார்த்தேன், விட்டுவிட்டேன்.

வாசலுக்கு வந்து பார்த்தால் கணவர் கையில் இருக்கும் ஹோஸ் மாறியிருந்தது. முதலில் கூரையின் முகடு வரைக்கும் போன தண்ணீர் இப்போது பாதி ஓட்டில் விழுந்து வழிந்தது. அவர் ஹோஸை உதறிப் பார்த்தார், எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தேடினார். எதிர்வீட்டுப் பெரியவர் தெருவைக் கடந்து வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். மேலே மேட்டில் நிற்கிற தீயணைப்பு வண்டியைக் கையால் காட்டி, அவர்களும் இதே குழாயிலிருந்துதான் எடுக்கிறார்கள், தயவுசெய்து அடைத்துவிடுங்கள் என்றார். அப்போதுதான் தெருவைப் பார்த்தேன். ஏழு வீட்டுக் கூரைகளில் ஏழு பேர் ஹோஸோடு நின்றார்கள். பெரியவர் ஒவ்வொரு வாசலாகப் போய்க்கொண்டிருந்தார்.

வெளியேறும்போது தண்ணீரைத் திறந்துவிட்டுப் போகாதீர்கள், அழுத்தம் குறையும் என்று தீயணைப்புத் துறையின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. நான் படித்ததில்லை. படித்திருக்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை, லஸ்கர் மகள் நான்.

ஐந்து மணிக்குக் கிளம்பி தௌசண்ட் ஓக்ஸில் சிநேகிதி வீட்டுக்குப் போனோம். ராத்திரி பதினோரு மணிக்கு அவள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது கையில் தண்ணீர் பட்டதும் ஞாபகம் வந்தது. முன்பக்க ஹோஸைத்தான் அடைத்தோம். பின்பக்க ஸ்பிரிங்க்ளர்?

திரும்பிப் போக முடியாது, சாலையை அடைத்திருந்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, புல்தரை சேறாகியிருந்தது. நிமிஷத்துக்கு ஐந்து கேலன் என்று வைத்தாலும் பதினைந்து மணி நேரத்தில் 4,500 கேலன். ஒன்பது தீயணைப்பு வண்டிகள். கென்னத் தீயில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது, ஒரு வீடும் போகவில்லை. அதனால் என் 4,500 கேலனை யாரும் தேடவில்லை.

அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ராத்திரி முறை மாத்தி மடையைத் தொறந்துவுட்டுட்டு வூட்டுல போய்ப் படுத்துக்குறவனை நாங்க..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், பேத்தி சாப்பிட்டாளா என்று கேட்டார்.

கடல் பக்கத்தில் இருக்கிறதே என்ற அவருடைய முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. கடலிலிருந்து எடுக்கத்தான் செய்தார்கள். கனடாவின் கியூபெக்கிலிருந்து வாடகைக்கு வந்திருந்த இரண்டு சூப்பர் ஸ்கூப்பர் விமானங்கள் கடல் மேல் தாழப் பறந்து, பன்னிரண்டு விநாடியில் 1,600 கேலன் அள்ளிக்கொண்டு எழும்பும், பார்க்கக் கண்கொள்ளாது. அதில் ஒன்றின் இறக்கையில் எவனோ வேடிக்கை பார்க்க விட்ட டிரோன் மோதி ஓட்டை விழுந்து, ஜனவரி 9 முதல் சில நாள் அது தரையிலேயே நின்றது. ஆனால் விமானமோ ஹெலிகாப்டரோ, முதல் நாள் ராத்திரி அடித்த காற்றில் எதுவும் பறக்க முடியவில்லை. வானம் அடைபட்ட அந்த நேரத்தில்தான் எல்லாச் சுமையும் தெருக் குழாய் மேல் விழுந்தது. உப்புத் தண்ணீர் குழாயையும் பம்பையும் அரிக்கும், மண்ணையும் கெடுக்கும், அதனால் ஊர்க் குழாயில் விட மாட்டார்கள். சுனாமிக்கு அப்புறம் எங்கள் பக்கத்து வயல்கள் என்ன ஆனது என்று பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

பழைய தீக்களைப் பற்றிப் படிக்கப் படிக்க இது புதுக்கதை இல்லை என்று தெரிந்தது. 1991 அக்டோபரில் ஓக்லாந்து மலைகள் எரிந்தன, 25 பேர் இறந்தார்கள். அங்கேயும் மின்சாரம் போனதால் மோட்டார் நின்றது, மேட்டுத் தொட்டிகள் காலியாயின. அதைவிடக் கொடுமை, உதவிக்கு ஓடி வந்த வெளியூர் வண்டிகளின் ஹோஸ் இரண்டரை அங்குல இணைப்பு, ஓக்லாந்து ஹைட்ரண்டுகள் மூன்று அங்குலம். இடையில் மாட்டும் அடாப்டர் இல்லாதவர்கள் தண்ணீர் இருக்கிற குழாய்க்குப் பக்கத்திலேயே மாட்ட முடியாமல் நின்றார்கள். ஊரில் பக்கத்து வயல்காரரிடம் ஆயில் இன்ஜின் கடன் வாங்கி வந்து, ஹோஸ் சேராமல், கோணிச் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டி அப்பா தண்ணீர் இறைத்ததை நான் பார்த்திருக்கிறேன். நடவு என்றால் சாக்கு தாங்கும்.

யோர்பா லிண்டா என்ற ஊரில் 2008 தீயின்போது மேட்டுக் குடியிருப்பில் ஹைட்ரண்டுகள் வற்றிப்போயின. அதற்கு அப்புறம் அங்கே மலை மேல் ஒரு திறந்த தொட்டி கட்டினார்கள், ஹெலிகாப்டர் மேலே நின்றபடி குழாயை இறக்கி உறிஞ்சிக்கொள்ள. 2020 புளூ ரிட்ஜ் தீயில் அது உதவியது. நல்ல யோசனை, காற்று அனுமதித்தால்.

எனக்குப் பிடித்தது சான் பிரான்சிஸ்கோ செய்த வேலை. 1906 நிலநடுக்கத்தில் குழாய்கள் உடைந்து, தண்ணீர் இல்லாமல் ஊர் மூன்று நாளைக்கு மேல் எரிந்தது. அதற்கு அப்புறம் குடிநீரோடு சேராமல், தீக்கென்றே தனிக் குழாய்கள் போட்டார்கள். ட்வின் பீக்ஸ் குன்றின் மேல் ஒரு கோடி கேலனுக்கு மேல் தேக்கம், அதுவும் தீர்ந்தால் வளைகுடாவிலிருந்து உப்புத் தண்ணீரையே ஏற்ற பம்ப் நிலையங்கள். அதுவும் போதாது என்று தெருவுக்கு அடியில் நூற்றுக்கு மேல் தொட்டிகள். இன்றைக்கும் அந்த ஊரில் நாற்சந்தியில் நின்று பார்த்தால் தார்ச் சாலையில் செங்கல் பதித்த பெரிய வட்டம் தெரியும், அதற்குக் கீழே தொட்டி. நான் அதன் மேல் நின்று போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "ஊருணி வெட்டி மூடி போட்டு வச்சிருக்கான்" என்று பதில் வந்தது.

இதை எல்லா மலையூருக்கும் செய்யலாமே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பணம் ஒரு பக்கம். இன்னொரு சிக்கல், குடிநீரைப் பெரிய தொட்டியில், பெரிய குழாயில் நாள்கணக்கில் தேக்கி வைத்தால் குளோரின் குறைந்து தண்ணீர் கெடும். குடிக்கவும் வேண்டும், என்றைக்கோ வரும் தீக்கும் வேண்டும், இரண்டையும் ஒரே குழாயில் வைத்துக்கொண்டு இழுபடுகிறார்கள். தீ அணைந்த பிறகும் இது விடாது. அழுத்தம் போன குழாய் காலியாக இருக்காது, புகையையும் உருகிய பிளாஸ்டிக்கின் ஆவியையும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். 2017இல் சாண்டா ரோசா, 2018இல் பாரடைஸ், இரண்டு இடத்திலும் தீக்குப் பிறகு குழாய்த் தண்ணீரில் புற்றுநோய் தரும் பென்சீன் வந்தது. பாலிசேட்ஸில் தப்பித்த வீட்டுக்காரர்களும் மார்ச் வரை குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை.

ஜூன் மாதம் அப்பா வந்தார். வந்த மூன்றாம் நாளே தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். தெரு மேட்டுக்கு மேலே, கம்பி வேலிக்குள், புல் நிறத்தில் பெயின்ட் அடித்து நிற்கிறது. ஒன்பது வருஷத்தில் நானும் அன்றைக்குத்தான் பக்கத்தில் போனேன். வேலியைச் சுற்றி முழுசாக ஒரு சுற்று நடந்தார். மேட்டில் நின்று கீழே தெரிந்த கூரைகளை விரலை நீட்டி எண்ண ஆரம்பித்து, நூற்றுச் சொச்சத்தில் விட்டுவிட்டார்.

இறங்கி வரும்போது எங்கள் மஞ்சள் குழாய்க்கு முன்னால் நின்றார். குனிந்து அதன் மூடியைத் தொட்டுப் பார்த்தார், தலையில் இருக்கிற ஐமுகத் திருகைத் தடவினார்.

"இதுக்கு கிரீஸ் யாரு போடுறது?"

நகராட்சி ஆட்கள் வருஷா வருஷம் வந்து பார்ப்பார்கள் என்றேன்.

"வந்து நீ பாத்திருக்கியா?"

பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன் என்று சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, குழாயின் அடியைச் சுற்றி முளைத்திருந்த புல்லை உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தார். எதிர்வீட்டுப் பெரியவர் ஜன்னல் வழியாகக் கையசைத்தார்.